கொன்ட்ரோலரின் பொத்தான்கள் சும்மா கிடக்கின்றன: தமிழில் யாராவது சொல்லித்தர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பத்திரிகையின் தொழில்நுட்பப் பக்கத்தைத் தவறாமல் வாசிக்கிற ஆள் நான். புதிய கைபேசிகள், வட்ஸ்அப் மோசடிகள், கடவுச்சொல்லைக் காப்பாற்றும் வழிகள் என்று பயனுள்ள விடயங்கள் வருகின்றன, நன்றி. ஆனால் கொழும்பில் எத்தனையோ தமிழ் வீடுகளில் இன்று நடக்கிற ஒரு வேலையைப் பற்றி அதில் ஒரு வரி கூட நான் கண்டதில்லை. வீட்டு அறைக்குள் இருந்தபடி பாட்டையும் வாத்தியத்தையும் ஒலிப்பதிவு செய்கிற வேலையைத்தான் சொல்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும் பாருங்கள். லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இணையவழியில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் பயிற்சிக்காகப் பாடி அனுப்புகிறார்கள். கோயில் பஜனைக் குழுக்கள் திருவிழாவுக்குப் பாட்டு வெளியிடுகின்றன. சொந்தமாக மெட்டுப் போட்டு யூடியூபில் போடுகிற பொடியன்களும் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு லேப்டொப், ஒரு மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கிற ஒரு ஓடியோ இன்டர்பேஸ், இதோடு கணினிக்குக் கட்டளை அனுப்புகிற ஒரு சின்ன மிடி கொன்ட்ரோலர், அநேகமாக இவ்வளவும் எல்லோரிடமும் இருக்கிறது. அந்தக் கொன்ட்ரோலரில் கட்டைகளை வாசிக்கிறார்கள். அதைச் சுற்றியிருக்கும் பொத்தான்கள், குமிழ்கள், விரலால் தட்டுகிற பேட்கள் எல்லாம் வாங்கிய நாளில் இருந்தபடியே கிடக்கின்றன. பதிவைத் தொடங்க மவுஸ், நிறுத்த மவுஸ், பிழைத்தால் அழிக்கவும் மவுஸ். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கேட்பதில்லை, அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

இது ஏதோ வசதிக்கான சின்னச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். இலங்கை வானொலியின் கலையகத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாடகர், அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். சைகை வந்ததும் பாடுவது ஒருவர் வேலை, நாடாவை ஓட்டுவதும் நிறுத்துவதும் திரும்ப ஓட்டுவதும் மற்றவர் வேலை. பாடுகிறவருக்குப் பாட்டைத் தவிர வேறு கவலை இருந்ததில்லை. இன்று வீட்டில் அந்த இரண்டு கதிரைகளிலும் ஒரே ஆள்தான் இருக்கிறார். சுருதியில் மனதை நிறுத்திக்கொண்டு, திரையில் சிவப்பு வட்டத்தைத் தேடி, மவுஸைக் கொண்டுபோய் அமத்தி, ஓடிவந்து மைக்குக்கு முன்னால் நின்று பாடத் தொடங்கும்போது பாடும் மனநிலையே போய்விடுகிறது. பிழைத்தால் மறுபடியும் அதே ஓட்டம். நாலைந்து தரம் இப்படி நடந்தால் நல்ல பாடகரும் களைத்துப்போய் "இது காணும்" என்று விட்டுவிடுவார். கேட்கிறவர்களுக்குப் போய்ச் சேருவது அந்தக் களைப்போடு பாடிய பாட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் வேலையில் பாதியைக் கைக்குக் கீழே இருக்கிற ஐந்தாறு பொத்தான்கள் செய்யும். ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து அமைத்தால் போதும், பிறகு தொடத் தேவையில்லை.

ஏன் இதை யாரும் செய்வதில்லை? பொத்தானில் "ப்ளே" என்று அச்சடித்திருந்தால் அது ப்ளே மட்டும்தான் செய்யும் என்று நம்புகிறோம். ஒன்றுமே அச்சடிக்காத பேட் என்றால் அது டிரம் அடிக்கத்தான் என்று நம்புகிறோம். மிடி என்றால் என்ன என்று ஒரு தரம் விளங்கிவிட்டால் இந்த நம்பிக்கை போய்விடும்.

மிடிக் கம்பி வழியாகச் சத்தம் போவதில்லை, எண்கள்தான் போகின்றன. ஒரு கட்டையை அமத்தினால் எத்தனையாவது கட்டை, எவ்வளவு வேகமாக அமத்தினீர்கள் என்ற இரண்டு எண்கள் போகும். ஒரு பொத்தானையோ குமிழையோ தொட்டால் அதன் எண்ணும் பெறுமதியும் போகும். இரண்டுமே 0 முதல் 127 வரைக்குள் இருக்கும். எந்தச் சேனலில், அதாவது எந்த வழியில், போகிறது என்பதும் கூடவே போகும், மொத்தம் 16 சேனல்கள். அவ்வளவுதான். காலி வீதி பஸ்ஸில் மணி அடிக்கிற மாதிரித்தான் இது: மணிக்குத் தெரிந்தது ஒலிக்க மட்டும், நிற்பதா போவதா என்பது சாரதி அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதில் இருக்கிறது. இங்கே சாரதி உங்கள் ஒலிப்பதிவு மென்பொருள். 41 ஆம் எண் வந்தால் பாட்டை ஓட்டு என்றும் சொல்லலாம், கடைசியாகப் பதிந்ததை அழி என்றும் சொல்லலாம், அது கேட்கும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதும் சொல்லத் தகுந்தது. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனத்தை உருவாக்கிய இக்குதாரோ கக்கேஹாஷியும், அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சேர்க்கிட்ஸ் நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித்தும் வியாபாரத்தில் போட்டியாளர்கள். இருந்தும், யார் செய்த கருவியும் யார் செய்த கருவியோடும் பேச வேண்டும் என்று சேர்ந்து வேலை செய்தார்கள். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் இந்த இரண்டு நிறுவனங்களின் சிந்தசைசர்களும் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டன. மிடியை உருவாக்கியதற்காக இருவருக்கும் 2013 இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. 2020 இல் மிடியின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது, என்றாலும் இன்றைக்கு நாங்கள் வாங்குகிற சின்னக் கொன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை அந்த 1983 ஆம் ஆண்டு மொழியையே பேசுகின்றன. சில எண்களுக்குப் பொதுவான அர்த்தம் இருந்தாலும், எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை மிடியை உருவாக்கியவர்கள் பயன்படுத்துகிறவர் கையில் விட்டுவைத்தார்கள். நாங்கள்தான் அதை எடுத்துக்கொள்ளாமல் இருக்கிறோம்.

சரி, எப்படிச் செய்வது? ரீப்பர் என்ற மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய லேப்டொப்பிலும் ஓடும், 60 நாள் முழுமையாகப் பாவித்துப் பார்க்கலாம், தனியாளுக்கான உரிமம் 60 டொலர். முதலில் செட்டிங்ஸில் மிடிக் கருவிகள் பகுதிக்குப் போய் உங்கள் கொன்ட்ரோலரைத் தேடுங்கள். அங்கே சாதாரண உள்ளீட்டுக்கு ஒரு அனுமதியும், கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு இன்னொரு அனுமதியும் தனித்தனியாக இருக்கின்றன. பலர் முதலாவதை மட்டும் போட்டுவிட்டு, கட்டை வாசித்தால் சத்தம் வருகிறது, பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை, பழுது என்று முடிவெடுக்கிறார்கள். பழுதே இல்லை, இரண்டாவதையும் போட வேண்டும். பிறகு கணினி விசைப்பலகையில் கேள்விக்குறியை அமத்தினால் ரீப்பர் செய்யக்கூடிய எல்லாச் செயல்களின் பட்டியலும் திறக்கும். ஆயிரக்கணக்கில் இருக்கும், பயப்பட வேண்டாம், மேலே தேடும் பெட்டி இருக்கிறது. வேண்டிய செயலைத் தெரிவுசெய்து, குறுக்குவழி சேர்க்கிற பொத்தானை அமத்தி, பிறகு கொன்ட்ரோலரில் வேண்டிய பொத்தானை ஒரு தரம் தொடுங்கள். அது வந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும். முடிந்தது.

மற்ற மென்பொருள்களிலும் இதே எண்ணம்தான், போகிற வழி மட்டும் வேறு. ஏபிள்டன் லைவில் கன்ட்ரோலும் எம் எழுத்தும் சேர்த்து அமத்தினால் திரை நிறம் மாறும், திரையில் வேண்டியதைத் தொட்டுப் பிறகு கொன்ட்ரோலரைத் தொட வேண்டும். எப்.எல். ஸ்டூடியோவில் குமிழின் மேல் மவுஸின் வலது பக்கத்தை அமத்தினால் கொன்ட்ரோலரோடு இணைக்கும் வழி வரும். கியூபேஸில் 2022 இல் வந்த 12 ஆம் பதிப்பிலிருந்து மிடி ரிமோட் என்ற ஏற்பாடு இருக்கிறது, பழைய பதிப்புகளில் இருந்ததை விட எவ்வளவோ இலகு. ஓடாசிட்டி பாவிக்கிறவர்கள்தான் பாவம், அதில் மிடிப் பொத்தான்களை நேரடியாக இணைக்க முடியாது. மிடி எண்ணைக் கணினி விசைகளாக மாற்றிக் கொடுக்கிற போம் மிடி டிரான்ஸ்லேட்டர் மாதிரி ஒன்றை இடையில் வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது எந்தக் காணொளியிலும் கிடைக்கும். ஆட்கள் பாதியில் கைவிடுவது இதற்குப் பிறகு வரும் இடத்தில்.

பொத்தான் இரண்டு விதமாக வேலை செய்யலாம். ஒரு விதத்தில், அமத்தும்போது 127 போகும், கையை எடுத்ததும் 0 போகும். மற்ற விதத்தில், முதல் தரம் அமத்தினால் 127, அடுத்த தரம் அமத்தினால் 0, கையை எடுப்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. மென்பொருள்கள் பெரும்பாலும் 127 வந்தால் அமத்தியதாக எடுத்துக்கொண்டு 0 ஐ விட்டுவிடும். இப்போது யோசித்துப் பாருங்கள், இரண்டாம் விதமாக அமைந்த பொத்தானில் பதிவைத் தொடங்கும் செயலை வைத்தால் ஒரு தரம் வேலை செய்யும், அடுத்த தரம் செய்யாது, அதற்கடுத்த தரம் செய்யும். "சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் இல்லை" என்று ஆட்கள் முறைப்படுவதில் பெரும்பங்கு இதுதான். கம்பியை மாற்றுகிறார்கள், விண்டோஸைத் திரும்பப் போடுகிறார்கள், கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். கருவியின் அமைப்பை மாற்றுவதற்கு அதைச் செய்த நிறுவனம் கொடுக்கிற எடிட்டர் மென்பொருளைத் திறந்து அந்தப் பொத்தானை முதல் விதத்துக்கு மாற்றினால் ஒரு நிமிட வேலை. கோர்க், அகாய், ஆர்ட்டூரியா நிறுவனங்கள் மூன்றுமே இந்த எடிட்டரை இலவசமாகத்தான் கொடுக்கின்றன. ஒன்று கவனிக்க வேண்டும், விண்டோஸில் பல கருவிகளை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பிடித்து வைத்திருக்க முடியும், அதனால் எடிட்டரைத் திறக்குமுன் ரீப்பரையோ கியூபேஸையோ மூடிவிடுங்கள். மாற்றியதைக் கருவிக்குள் எழுதவும் மறக்க வேண்டாம், கோர்க் எடிட்டரில் அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. கருவிக்குள் எழுதிவிட்டால் கம்பியைக் கழற்றினாலும் மின்சாரம் போனாலும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது சிக்கல் எண் மோதல். கோர்க் நானோகொன்ட்ரோல் 2 இங்கே பலரிடம் இருக்கிறது, நல்ல சாமான், எட்டு ஸ்லைடர், எட்டுக் குமிழ், ஒவ்வொரு வரிசைக்கும் மூன்று பொத்தான்கள், பக்கத்தில் ப்ளே, ஸ்டொப், ரெக்கோர்ட் எல்லாம் உண்டு. சாதாரண முறையில் அதன் ப்ளே 41, ஸ்டொப் 42, ரெக்கோர்ட் 45. முதல் வரிசையின் 'ஆர்' பொத்தானுக்குக் கொடுத்திருப்பது 64. மிடி விதிகளின்படி 64 என்பது கீபோர்டில் கால்மிதிக்கு, அதாவது சுரத்தை நீடிக்கவைக்கிற சஸ்டெயின் பெடலுக்கு உரிய எண். கடைசி ஸ்லைடருக்கு 7, அது ஒலியளவுக்கு உரியது. இரண்டாவது ஸ்லைடருக்கு 1, அது மொடியூலேஷனுக்கு, அதாவது ஒலியில் அசைவு கொடுப்பதற்கு உரியது. நீங்கள் 'ஆர்' பொத்தானில் பதிவைத் தொடங்க வைத்துவிட்டு, இன்னொரு கீபோர்டில் பெடலோடு வாசித்தால், பெடலை மிதிக்கிற ஒவ்வொரு தரமும் பதிவு தொடங்கி நிற்கக்கூடும், ஏனென்றால் எண்ணையும் சேனலையும் மட்டும் பார்த்து, எந்தக் கருவியிலிருந்து வந்தது என்று பார்க்காத மென்பொருள்களும் அமைப்புகளும் உண்டு. தீர்வு மிக எளிது. எடிட்டரில் நானோகொன்ட்ரோலின் சேனலை 16 ஆக மாற்றிவிடுங்கள், கீபோர்ட் 1 இல் இருக்கட்டும். அதன் பிறகு இரண்டும் ஒன்றின் வழியில் ஒன்று வராது. எது எந்த எண்ணை அனுப்புகிறது என்று நேரே பார்க்க விண்டோஸில் மிடி-ஒக்ஸ் என்ற இலவச மென்பொருள் உண்டு, ஒரு பொத்தானை அமத்தினால் வந்த எண் வரியாக ஓடும். சந்தேகம் வந்தால் ஊகிப்பதை விட்டு முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

கால்மிதி பற்றிச் சொன்னேன், அதை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் இசைக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை என்பது என் எண்ணம். எனக்குத் தெரிந்த ஒரு மிருதங்க ஆசிரியர் மாணவர்களுக்காகக் கோர்வைகளை, அதாவது தாள முடிப்புகளைப் பதிந்து அனுப்புகிறவர். இரண்டு கையும் வாத்தியத்தில். சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் மிருதங்கம். மவுஸைத் தொட வேண்டுமானால் வாத்தியத்தை நகர்த்த வேண்டும், தோலில் பூசிய ரவை படிந்த விரலைத் துடைக்க வேண்டும். அவருடைய சின்னக் கீபோர்டின் பின்பக்கம் சஸ்டெயின் பெடலுக்கான துளை இருந்தது, அகாய் எம்பிகே மினியிலும் இருக்கிறது. அதில் ஒரு சாதாரணப் பெடலைச் செருகி, முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்து, 64 ஆம் எண்ணுக்குப் பதிவின் தொடக்கத்தையும் முடிவையும் கொடுத்தோம். முழங்காலால் ஒரு தட்டு, பதிவு தொடங்கும். இன்னொரு தட்டு, நிற்கும். பெடலை மிதித்தபடி கருவிக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும், பல கீபோர்டுகள் அந்த நேரத்தில் பெடலின் நிலையைப் பார்த்து எது மிதித்தது எது விட்டது என்று தீர்மானிக்கும், தலைகீழாகிவிடும்.

அதோடு நிற்கவில்லை. கோர்வை நடுவில் பிழைத்தால் அந்த இடத்திலிருந்தே தொடங்க எந்த வித்துவானுக்கும் மனம் வராது, இரண்டு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் இரண்டு முழுச் சுற்று முன்னாலிருந்து நடையைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் விழ வேண்டிய இடத்தில் சரியாக விழும். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளம் நிமிடத்துக்கு 80 அட்சரம் என்றால் ஒரு ஆவர்த்தனம் ஆறு விநாடி, இரண்டுக்குப் பன்னிரண்டு. ரீப்பரில் பதிவுக்கு முன் எத்தனை தாளக்கட்டு ஓட வேண்டும் என்று குறித்துவைக்கலாம். நாலுக்கு நாலில், அதாவது ஒரு தாளக்கட்டுக்கு நாலு அட்சரமாக வைத்திருந்தால் நாலு தாளக்கட்டு என்று போட வேண்டும், இரண்டு ஆவர்த்தனம் சரியாக வரும். மிஸ்ர சாபு என்றால் ஏழுக்கு எட்டு என்று மாற்றிக்கொள்ளுங்கள், தாளம் தட்டுகிற மெட்ரோனோம் அதற்கேற்ப அடிக்கும். பல செயல்களை ஒரே பொத்தானில் கோர்க்கவும் முடியும்: நிறுத்து, முந்திய குறியீட்டுக்கு (பதிவில் முன்பே போட்டுவைத்த அடையாளத்துக்கு) போ, பதிவைத் தொடங்கு, மூன்றும் ஒரே தட்டில். இதைச் செய்த நாளிலிருந்து அந்த ஆசிரியர் பதிவுக்கு யாருடைய துணையையும் எதிர்பார்ப்பதில்லை.

எதை எந்தப் பொத்தானில் வைப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. இருக்கிறது என்பதற்காக எல்லாப் பொத்தானையும் நிரப்ப வேண்டாம். ஒவ்வொரு பதிவிலும் கை போகிற ஐந்தாறு செயல்களை மட்டும் எடுங்கள்: பதிவு, நிறுத்தம், கடைசிச் செயலை இரத்துச் செய்தல், மெட்ரோனோம், குறியீடு போடுதல், ஒரு பகுதியைச் சுழலவிடுதல். ரீப்பரில் நிறுத்தும்போது, பதிந்ததை வைத்திருக்கவா அழிக்கவா என்று ஒரு பெட்டி திறந்து கேட்கும், அதற்கு மறுபடி மவுஸ் வேண்டும், பொத்தான் வைத்ததன் பயனே போய்விடும். சேமித்தபடி நிறுத்துகிற தனிச் செயல் பட்டியலில் இருக்கிறது, அதைப் பொத்தானில் வையுங்கள். அழித்தபடி நிறுத்துகிற செயலும் இருக்கிறது, அதுவும் உதவும், ஆனால் அது மற்றதிலிருந்து தூரத்தில், தவறிக் கை போகாத மூலையில் இருக்க வேண்டும். அதை ரெக்கோர்ட்டுக்குப் பக்கத்தில் வைப்பவரை நான் தடுத்தே தீருவேன்.

குறியீடு போடுகிற பொத்தானை வெள்ளவத்தைக்காரர் எவரும் விடக் கூடாது. கடற்கரைப் பக்கம் வீடென்றால் ரயில் போகும், காலி வீதிப் பக்கம் என்றால் ஹோர்ன் அடிக்கும், இரண்டையும் நிறுத்த எங்களால் முடியாது. ரயில் சத்தம் வந்ததும் பாட்டை நிறுத்தாமல் ஒரு பொத்தானைத் தட்டினால் அந்த இடத்தில் குறி விழும். முடிந்த பிறகு குறிகளை மட்டும் பார்த்து அந்த வரிகளை மறுபடி பாடலாம். அரை மணிப் பதிவை முழுக்கக் கேட்டுத் தேடத் தேவையில்லை. அப்புறம், வெள்ளை ஒட்டுத்தாளைச் சின்னதாக வெட்டி, பொத்தானுக்குக் கீழே என்ன வேலை என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் வேறு யார் பதிவுக்கு உட்கார்ந்தாலும் அவர்களுக்கும் விளங்கும்.

இவ்வளவும் வேண்டாம், சட்டென்று வேலை நடந்தால் போதும் என்பவர்களுக்கு மக்கி கொன்ட்ரோல் முறை இருக்கிறது. மக்கி நிறுவனத்தின் ஒலிக் கட்டுப்பாட்டு மேசைக்காக வந்த அந்த எண் வரிசையைப் பெரும்பாலான மென்பொருள்கள் ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கின்றன. அதில் நிறுத்தம் 93, ஓட்டம் 94, பதிவு 95 என்று கட்டையை வாசிக்கும்போது போகிற சுர எண்களாகப் போகும். கொன்ட்ரோலரை அந்த முறைக்கு மாற்றி, மென்பொருளிலும் அதையே தெரிவுசெய்தால் ப்ளே, ஸ்டொப், ஸ்லைடர்கள் எல்லாம் உடனே வேலை செய்யும், பொத்தான் விளக்குகளும் திரையில் நடப்பதற்கேற்ப எரியும். ஆனால் பொத்தானுக்கு மற்றவர் தீர்மானித்த அர்த்தம்தான் இருக்கும். ஒரு தடத்தை மட்டும் தனியாகக் கேட்கவைக்கிற 'சோலோ' பொத்தான்கள் எட்டால் மிருதங்க ஆசிரியருக்கு என்ன பயன்? தொடக்கத்துக்கு நல்லது, ஆனால் கொஞ்ச நாளில் சொந்த அமைப்புக்கு வந்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு கூட்டத்தினருக்கு இது வசதியையும் தாண்டிய விடயம். பார்வைக் குறைபாடு உள்ள இசைக்கலைஞர்கள் எங்கள் நடுவில் நல்ல எண்ணிக்கையில் இருக்கிறார்கள். திரையில் சிவப்பு வட்டத்தைத் தேடு என்று அவர்களிடம் சொல்வதில் அர்த்தமில்லை. ஆனால் விரலுக்கு எப்போதும் ஒரே இடத்தில் அகப்படுகிற பொத்தான், தொட்டால் வேறுபாடு தெரிகிற ஒரு சின்ன மேடு, இவை இருந்தால் கண் தேவையே இல்லை. என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் விண்டோஸில் தமிழையும் வாசிக்கும். அதோடு ரீப்பர் சேர்ந்து வேலை செய்வதற்காகவே ஒசாரா என்ற இலவச இணைப்பைப் பார்வையற்ற பாவனையாளர்களும் சேர்ந்து உருவாக்கி வளர்த்து வருகிறார்கள். இந்த மூன்றையும் பொத்தான் அமைப்போடு சேர்த்துக் கொடுத்தால் ஒரு கலைஞர் பதிவு செய்வது, திருத்துவது, அனுப்புவது எல்லாவற்றையும் தானே செய்வார். இதை அவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்க இங்கே ஆள் இல்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

விலை பற்றியும் ஒரு சொல். 2022 இல் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதும், எத்தனையோ சாமான்களுக்கு இறக்குமதித் தடை இருந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்றிலிருந்து இசைக்கருவி வாங்குவது என்றால் குடும்பமே கூடி யோசிக்கிற விடயமாகிவிட்டது. அப்படி இருக்க, கொன்ட்ரோலர் சரியில்லை, இன்னும் பெரியது வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால், முதலில் இருக்கிறதன் பொத்தான்களை அமைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஒரு கடையில் ஒரு தாய் மகளுக்குக் கொன்ட்ரோலர் வாங்கியபோது நான் பக்கத்தில் நின்றேன், பெட்டியைத் திறந்து விளக்கு எரிகிறதா என்று காட்டிக் கொடுத்தார்களே தவிர, அதில் எடிட்டர் என்று ஒன்று இருப்பதைக்கூடச் சொல்லவில்லை. கடையில் கணினி இருக்கிறது, செருகி ஒரு பொத்தானை மாற்றிக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

பாடசாலைகளிலும் இதே இடைவெளிதான். உயர்தரத்தில் கர்நாடக சங்கீதம் ஒரு பாடம், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஒரு பாடம், இரண்டுக்கும் வகுப்பறை வேறு, ஆசிரியர் வேறு. தம்புராவையும் கணினியையும் ஒரே மேசையில் வைத்துச் சொல்லித்தர யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. கருவியோடு வருகிற கையேடுகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பான் மொழிகளில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் படிக்கத் தெரிந்தவருக்கே அவை தலைசுற்ற வைக்கும், ஐம்பது வயதில் முதன்முதலாக லேப்டொப்பைத் தொடுகிற ஒரு வாய்ப்பாட்டு ஆசிரியை என்ன செய்வார்?

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் சில வாரங்களுக்கு அரைப்பக்கம் இதற்குத் தாருங்கள். கணினித் திரையின் படங்களோடு, படிப்படியாக, எங்கள் பேச்சு வழக்குக்குக் கிட்டிய தமிழில் வர வேண்டும். முதல் வாரம் கருவியை இணைப்பதும் அனுமதிகளும், அடுத்த வாரம் பொத்தானின் இரண்டு விதங்கள், பிறகு பெடல், பிறகு திரைவாசிப்பானோடு பாவிப்பது என்று போகலாம். கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்கள் ஒரு சனிக்கிழமை மாலை மண்டபத்தைத் தந்தால், ஆட்கள் தங்கள் கொன்ட்ரோலரையும் லேப்டொப்பையும் கொண்டுவந்து அங்கேயே அமைத்துக்கொண்டு போகலாம். எழுதித் தரவும் நேரில் வந்து காட்டவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன், கூலி எதுவும் வேண்டாம். என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒலிப்பதிவாளர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று இந்தக் கடிதத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர் ஒருவர்,
கொழும்பு 06.